மேனிக் மைனர் (1983): இதன் கடினம் நியாயமானதா?

#1 — எட்டுபிட்

அனைவருக்கும் வணக்கம். சென்ற வாரம் வேறோர் இழையில் பழைய கணினி விளையாட்டுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, மேனிக் மைனர் ஆடுபவரைத் தண்டிப்பதற்காகவே எழுதப்பட்டது என்று நண்பர் ஒருவர் குறிப்பிட்டிருந்தார். அந்த இழை வேறு பொருளைப் பற்றியது என்பதால் அங்கே பதில் சொல்லவில்லை. ஆயினும் அந்தக் கூற்றை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அதனால்தான் இந்தத் தனி இழை.

அறியாதவர்களுக்காக முதலில் சில செய்திகள். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் இயங்கிவந்த பக்-பைட் நிறுவனம் 1983-இல் 48 கிலோபைட் இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம் கணினிக்காக இதைக் கேசட்டில் வெளியிட்டது. எழுதியவர் மேத்யூ ஸ்மித். மெர்சி ஆற்றின் எதிர்க்கரையில் உள்ள வாலசியைச் சேர்ந்தவர், அப்போது பதின்ம வயதைக்கூடத் தாண்டாதவர். மூன்று விளையாட்டுகள் எழுதித் தருவதாக ஒப்பந்தம் செய்துகொண்டு நிறுவனத்திடமிருந்து ஒரு ஸ்பெக்ட்ரத்தை இரவல் பெற்றார். நிரலை டி.ஆர்.எஸ்.-80 மாடல் III கணினியில் எழுதி, அங்கிருந்து ஸ்பெக்ட்ரத்துக்கு அனுப்பி, சில வாரங்களிலேயே இதை முடித்தார்.

கதை எளியது. மைனர் வில்லி என்னும் சுரங்கத் தொழிலாளி, சர்பிட்டன் பக்கம் மறக்கப்பட்ட பழைய சுரங்கம் ஒன்றைக் கண்டுபிடிக்கிறார். அதை அமைத்த மக்கள் அழிந்து வெகுகாலம் ஆகியும், அவர்களுடைய இயந்திரங்கள் நிற்காமல் வேலை செய்துகொண்டிருக்கின்றன. மொத்தம் 20 குகைகள். ஒவ்வொன்றிலும் மின்னிக்கொண்டிருக்கும் பொருள்களைத் திரட்ட வேண்டும், காற்று தீர்வதற்குள் வாயிலை அடைய வேண்டும். எதிரியின் மேல் பட்டால் சாவு, நச்சுச் செடியின் மேல் பட்டால் சாவு, அதிக உயரத்திலிருந்து விழுந்தாலும் சாவு. மூன்று உயிர்களும் போய்விட்டால் மீண்டும் முதல் குகை.

இப்படிச் சொன்னால் கொடுமையாகத்தான் தோன்றும். ஆனால் முதல் குகையான சென்ட்ரல் கேவர்னைச் சற்று நின்று பாருங்கள். வில்லி கீழ் இடப்பக்க மூலையில் நிற்கிறார். வாயில் கீழ் வலப்பக்க மூலையில் இருக்கிறது. இடையில் தடை எதுவும் இல்லாததுபோல் தோன்றினாலும், திரட்ட வேண்டிய பொருள்களான சாவிகள் ஐந்தும் மேலேதான் இருக்கின்றன. நடுவே ஒரு கன்வேயர் பட்டை அவரை இடப்பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். அந்தப் பட்டையின் மேலேயே சாவி கொடுத்த பொம்மையைப் போன்ற ஓர் இயந்திரம் ஒரே இரண்டு எல்லைகளுக்கு இடையே நடந்து திரும்பும். அதற்கும் மேலே காலடியில் உதிரும் தளம். விளையாட்டின் விதிகளில் ஏறக்குறைய அனைத்தும் இந்த ஒரே திரையில், ஏறிப் போகும் வழியிலேயே, ஒரு சொல்கூட எழுதப்படாமல் கற்பிக்கப்பட்டுவிடுகின்றன.

இதில் தற்செயலுக்கு இடமே இல்லை. இயந்திரம் நேற்று எந்த இடத்தில் திரும்பியதோ அதே இடத்தில்தான் இன்றும் திரும்பும். வில்லியின் தாவலும் ஒரே அளவுதான். எம்பிவிட்டால் காற்றில் திசை மாற்ற முடியாது. எனவே ஒவ்வொரு சாவுக்கும் காரணம் ஆடுபவருடைய கணக்கில்தான் இருக்கிறது. இதை நான் நியாயம் என்கிறேன். மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம். ஆனால் சான்றோடு மறுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

#2 — நிழற்குடை

அந்த முந்தைய இழையில் அப்படி எழுதியவன் நான்தான். தண்டிப்பதற்காகவே என்ற சொல் சற்றுக் கடுமையானதாக இருந்திருக்கலாம். கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை.

ஒரு விதி மாறாமல் இருப்பதாலேயே அது நியாயமான விதி ஆகிவிடாது. பன்னிரண்டாம் குகையில் எனக்கு ஒரு தாவல் புரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே எனக்கு எஞ்சியிருப்பது ஓர் உயிர் அல்லது இரண்டு உயிர். அவை போனபின், அதே தாவலை இன்னொரு முறை முயன்று பார்க்க, முன்னால் உள்ள 11 குகைகளையும் நான் திரும்ப ஆட வேண்டும். அந்த 11 குகைகளில் நான் புதிதாகக் கற்றுக்கொள்ளப் போவது எதுவும் இல்லை. ஒரே ஒரு முயற்சிக்கு அரைமணி நேரம் விலையாகக் கேட்கப்படுகிறது. பள்ளிப் பிள்ளை பெருக்கல் வாய்ப்பாட்டில் பன்னிரண்டாம் வாய்ப்பாட்டைத் தவறாகச் சொன்னால், ஒன்றாம் வாய்ப்பாட்டிலிருந்து திரும்பச் சொல்லவைக்கும் ஆசிரியரை நாம் நல்லாசிரியர் என்று சொல்வோமா?

இரண்டாவதாக, இவ்விளையாட்டு எதையும் மறைப்பதில்லை என்பதும் சரியன்று. நச்சுச் செடிக்கும் வில்லிக்கும் இடையே இடைவெளி கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்போதே நான் பலமுறை செத்திருக்கிறேன். பழைய கணினியைப் போலவே இயங்கிக் காட்டும் எமுலேட்டர் நிரலில் படத்தை நிறுத்திவைத்துப் பார்த்தேன். செடி வில்லியின் மேல் படவில்லை. பட்டதாக நிரல் சொல்கிறது. இதற்கு என்ன விளக்கம்?

#3 — கூட்டெண்

நிழற்குடை அவர்களின் இரண்டாவது கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும். அவர் கண்டது உண்மைதான். அதன் வேர் ஸ்பெக்ட்ரம் நிறங்களைச் சேமிக்கும் முறையில் இருக்கிறது. சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பெக்ட்ரத்தின் திரை 256-க்கு 192 பிக்சல்கள் கொண்டது. ஒவ்வொரு பிக்சலுக்கும் தனித்தனி நிறம் கொடுக்க அதன் நினைவகத்தில் இடமில்லை. ஆகவே திரை எட்டுக்கு எட்டு பிக்சல் கொண்ட கட்டங்களாக, அதாவது 32-க்கு 24 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒரு கட்டத்துக்கு ஒரு பைட் என்ற அளவில் நிறம் சேமிக்கப்படுகிறது. அந்த ஒரு பைட்டுக்குள் எழுத்தின் நிறத்துக்கு மூன்று பிட், பின்னணிக்கு மூன்று பிட், கூடுதல் ஒளிர்வுக்கு ஒன்று, விட்டுவிட்டு மின்னுவதற்கு ஒன்று. ஒரே கட்டத்துக்குள் இரண்டு நிறங்களுக்கு மேல் வர முடியாது.

இந்த இயந்திரத்தில் மற்றவர்கள் ஒரு குறையாகக் கண்டு சலித்துக்கொண்ட இந்த அமைப்பையே ஸ்மித் தன் குகைகளின் வரைபடமாக ஆக்கிக்கொண்டார். குகை, திரையின் மேல் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொள்கிறது: 32-க்கு 16, ஆக 512 கட்டங்கள். நிரலில் ஒவ்வொரு குகைக்கும் சரியாக 1,024 பைட்டுகள் ஒதுக்கப்பட்டுள்ளன. அதில் முதல் 512 பைட்டுகள் அந்த 512 கட்டங்களின் நிறங்கள்தான். தளம் எது, சுவர் எது, உதிரும் தளம் எது, கன்வேயர் எது, கொல்லும் செடி எது என்று தனியாக ஒரு வரைபடமே கிடையாது. கட்டத்தின் நிறத்தைப் பார்த்தே அது என்ன பொருள் என்று நிரல் அறிந்துகொள்கிறது. ஒரு குகைக்குள் சிவப்புத் தளம் என்றால், அதே நிற பைட் கொண்ட வேறு எந்தப் பொருளும் அந்தக் குகையில் இருக்க முடியாது. இதனால்தான் ஒவ்வொரு குகையிலும் நிறங்கள் அவ்வளவு திட்டவட்டமாகப் பிரிந்து நிற்கின்றன. மீதமுள்ள 512 பைட்டுகளில் குகையின் பெயர், கட்டங்களின் உருவங்கள், சாவிகளின் இடம், எதிரிகளின் பாதை ஆகியவை அடங்கிவிடுகின்றன. 20 குகைகளும் சேர்ந்து 20,480 பைட்டுகள். நினைவகத்தின் 45,056-ஆம் முகவரியில் தொடங்கி, கடைசி முகவரியான 65,535 வரை ஒரு பைட் மிச்சமின்றி நிரம்பி நிற்கின்றன.

இப்போது உங்கள் செடிக்கு வருகிறேன். வில்லியின் உருவம் 16-க்கு 16 பிக்சல். அதில் அவருடைய உடல் நிரப்புவது ஒரு பகுதியை மட்டுமே. ஆனால் செடி கொல்கிறதா என்று பார்க்கும்போது நிரல் அவருடைய உடலைப் பார்ப்பதில்லை. அந்த உருவம் எந்தெந்தக் கட்டங்களின் மேல் விழுகிறது, அவற்றில் ஏதேனும் ஒன்றின் நிறம் செடியின் நிறமா என்று மட்டுமே பார்க்கிறது. ஆகவே உடல் தொடாவிட்டாலும் கட்டம் தொட்டால் சாவு. நடமாடும் எதிரிகளுக்கு இந்த விதி இல்லை. அவற்றை வரையும்போது அவற்றின் புள்ளி ஒன்றாவது வில்லியின் புள்ளி ஒன்றின் மேல் விழுந்தால்தான் சாவு. எதிரியாக வரும் பெங்குவினின் அலகுக்கும் வில்லியின் தொப்பிக்கும் இடையே ஒரு பிக்சல் இடைவெளி இருந்தாலும் தப்பிவிடலாம்.

ஒரே விளையாட்டுக்குள் இரண்டு சட்டங்கள். நிற்கும் பொருளுக்குக் கட்டத்தின் சட்டம். நடக்கும் பொருளுக்குப் புள்ளியின் சட்டம்.

#4 — எட்டுபிட்

கூட்டெண் அவர்களுக்கு மிக்க நன்றி. பல ஆண்டுகளாக ஆடிவந்தும் இந்த இரண்டு சட்டங்களையும் நான் பிரித்து அறிந்திருக்கவில்லை. ஆனால் என் விரல்கள் அறிந்திருந்தன என்று இப்போது புரிகிறது. செடிகளிடம் எப்போதும் ஓரடி தள்ளியே எம்புவேன்; இயந்திரங்களை உரசிக்கொண்டே தாண்டுவேன்.

நிழற்குடை அவர்கள் முதலில் சொன்ன குறையை நான் ஏற்றுக்கொள்கிறேன். மூன்று உயிர் என்பது நாணயம் போட்டு ஆடும் ஆர்கேடு இயந்திரங்களிலிருந்து வந்த வழக்கம். அங்கே கடைக்காரருக்கு அடுத்த நாணயம் வேண்டும். வீட்டில் கேசட்டுக்கு 5.95 பவுண்டு கொடுத்து வாங்கியவரிடம் அந்த வழக்கத்துக்கு வேலை இல்லை. ஆயினும் இரண்டைக் கவனிக்குமாறு வேண்டுகிறேன். ஒவ்வொரு 10,000 புள்ளிக்கும் ஓர் உயிர் கூடுதலாகக் கிடைக்கிறது. மீதமிருக்கும் காற்றும் புள்ளியாக மாறுகிறது. ஆக, முன்னால் உள்ள குகைகளை விரைவாகவும் செம்மையாகவும் முடிப்பவர் பின்னால் உள்ள குகைகளுக்கு முயற்சிகளைச் சேர்த்துக்கொண்டே போகிறார். அந்த 11 குகைகளைத் திரும்ப ஆடுவது முழுக்க வீண் என்று சொல்ல இடமில்லை.

#5 — தேனருவி

இசையைப் பற்றி யாரும் பேசவில்லையே. என் ஈடுபாடு அங்கேதான்.

தலைப்புத் திரையில் ஸ்ட்ராஸின் புளூ டான்யூப் ஒலிக்கிறது. கீழே வரையப்பட்ட பியானோவில் அந்தந்தச் சுரத்தின் கட்டை ஒளிர்கிறது. ஆட்டம் தொடங்கியதும் நார்வே நாட்டு இசையமைப்பாளர் கிரீக், பீர் கின்ட் நாடகத்துக்காக அமைத்த மலையரசனின் மண்டபம் பகுதி தொடர்ந்து ஒலிக்கிறது. பூதங்கள் வாழும் மலைக்குள் மாட்டிக்கொண்ட ஒருவனுக்காக எழுதப்பட்ட இசையைச் சுரங்கத்துக்குள் மாட்டிக்கொண்ட ஒருவனுக்குக் கொடுத்திருப்பது எவ்வளவு பொருத்தம்!

இதில் அரிய செயல் என்னவென்றால், ஸ்பெக்ட்ரத்தில் இசைக்கென்று தனிச் சில்லு எதுவும் இல்லை. ஒரே ஒரு பிட்டால் இயங்கும் சிறு ஒலிபெருக்கிதான் உண்டு. ஒரு சுரம் எழ வேண்டுமானால் இசட்80 செயலியே அந்தப் பிட்டை மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருக்க வேண்டும். அந்த நேரத்தில் அதனால் வேறு எந்த வேலையும் செய்ய முடியாது. ஆட்டத்தின் ஒவ்வொரு சுற்றிலும் எதிரிகளை நகர்த்தி, வில்லியை நகர்த்தி, திரையை எழுதி முடித்த பிறகு, ஒரு சுரத்தின் சிறு துணுக்கைத் தட்டிவிட்டு அடுத்த சுற்றுக்குப் போகிறது நிரல். காதில் அது விட்டுவிட்டுக் கரகரப்பாகத்தான் விழும். ஆனாலும் பாட்டு நிற்பதில்லை. திரையின் அடியில் மீதமுள்ள உயிர்களைக் காட்டும் குட்டி வில்லிகள் அந்தப் பாட்டுக்கு ஏற்பக் காலெடுத்து ஆடிக்கொண்டிருப்பார்கள். இசையை நிறுத்தினால் அவர்களும் நின்றுவிடுவார்கள்.

இது எட்டுபிட் அவர்களின் வாதத்துக்கும் துணை செய்கிறது என்று நினைக்கிறேன். ஒரு சுற்றுக்கு ஒரு துணுக்கு என்பதால், பாட்டும் எதிரிகளும் ஒரே கடிகாரத்தில் ஓடுகின்றன. சில குகைகளில் எப்போது எம்ப வேண்டும் என்பதை நான் கண்ணால் பார்ப்பதைவிடப் பாட்டின் போக்கைக் கேட்டே அறிகிறேன்.

#6 — அலைமேடை

இதை முழுக்க ஸ்மித்தின் கண்டுபிடிப்பு என்று சொல்லிவிடலாமா? 1982-இல் பில் ஹோக் அட்டாரி கணினிகளுக்காக எழுதிய மைனர் 2049-அர் விளையாட்டிலும் சுரங்கம், தாவல், பல தளங்கள், நடமாடும் எதிரிகள் எல்லாம் உண்டே.

#7 — எட்டுபிட்

உண்மைதான், அதிலிருந்தே தூண்டுதல் பெற்றதாக ஸ்மித்தும் சொல்லியிருக்கிறார். பெயரில் உள்ள மைனரே அதற்குச் சாட்சி. டாங்கி காங் என்னும் ஆர்கேடு விளையாட்டின் கடனும் உண்டு. எட்டாம் குகையின் உச்சியில் காங் விலங்கு ஒன்று நிற்கிறது. ஆனால் ஹோக்கின் விளையாட்டில் மொத்தம் 10 நிலைகள். தளத்தின் ஒவ்வோர் அடியையும் மிதித்து முடிப்பதே அங்கே வேலை. ஸ்மித் அதை விட்டுவிட்டு, அங்கங்கே சில பொருள்களை மட்டும் வைத்தார். அப்போது எந்த வரிசையில் எடுப்பது என்ற கேள்வி பிறக்கிறது. மேனிக் மைனரின் உயிர் அந்த வரிசையில்தான் இருக்கிறது என்பேன்.

#8 — நிழற்குடை

அப்படியானால் ஐந்தாம் குகையான யூஜீன்ஸ் லேரை எடுத்துக்கொள்வோம். எதையும் மறைக்காத விளையாட்டு என்ற கூற்றுக்கு அதைவிட நல்ல எதிர்ச்சான்று கிடையாது.

அங்கே யூஜீன் என்னும் பெரிய முகம் குகையின் நடுவே மேலும் கீழுமாகப் போய்வந்துகொண்டிருக்கிறது. அதற்கு நேர் கீழே வாயில். நான் அதன் ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட்டு, ஐந்து பொருள்களையும் எடுத்து முடிக்கிறேன். எடுத்து முடித்த அந்த நொடியிலிருந்து யூஜீன் தன் வழக்கத்தை விட்டுவிடுகிறார். நிறம் மாறி மாறி ஒளிர நேராகக் கீழே இறங்கி, வாயிலின் மேல் உட்கார்ந்துகொண்டு, காற்று தீரும்வரை எழுந்திருப்பதே இல்லை. இதுவரை சொல்லிக்கொடுத்த விதியை, நான் அதை நம்பிச் செயல்பட்ட பிறகு மாற்றுவது நியாயமா?

#9 — கூட்டெண்

நண்பர் நிழற்குடை சொல்வதில் பொருள் இருக்கிறது. முதல் முறை அந்தக் குகையில் ஏமாறாதவர் யாரும் இருக்க முடியாது. இமேஜின் நிறுவனத்தில் பணியாற்றிய யூஜீன் எவான்ஸ் என்ற நிரலாளரின் பெயரைத்தான் ஸ்மித் அந்தக் குகைக்கு வைத்தார். ஆக, அந்த முகத்துக்கு ஒரு தனி நடத்தை கொடுக்க வேண்டும் என்ற விருப்பமும் அதில் இருந்திருக்க வேண்டும்.

ஆனால் ஏமாந்த பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள். கடைசிப் பொருளை எங்கே வைத்து எடுக்கிறோம் என்பதே இனிக் கேள்வி. யூஜீன் உயரத்தில் இருக்கும்போது, வாயிலுக்கு அருகில் உள்ள பொருளைக் கடைசியாக எடுத்தால், அவர் இறங்கி வருவதற்குள் உள்ளே போய்விடலாம். விதி மாறுகிறது என்பதே ஒரு விதி. அதுவும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிதான் மாறுகிறது. எட்டுபிட் அவர்கள் மேலே சொன்ன வரிசையின் முக்கியத்துவத்தை வேறு எந்தக் குகையும் இவ்வளவு கூர்மையாகக் காட்டவில்லை.

#10 — அலைமேடை

14-ஆம் குகையில்தான் நான் எப்போதும் தோற்கிறேன். வானத்திலிருந்து ஸ்கைலேப்கள் விழுந்துகொண்டே இருக்கின்றன. அங்கே தற்செயல் இல்லை என்று யாராவது சொன்னால் நான் நம்பத் தயாராக இல்லை.

#11 — கூட்டெண்

நம்பலாம், ஐயா. நாசாவின் விண்வெளி நிலையமான உண்மையான ஸ்கைலேப் 1979 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் மேற்குப் பகுதியில் சிதறி விழுந்தபோது அது எங்கே விழும் என்று உலகமே கையைப் பிசைந்துகொண்டிருந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து ஸ்மித் விழச்செய்த ஸ்கைலேப்களில் அந்த ஐயமே இல்லை.

ஒன்றை மட்டும் கண்ணால் பின்தொடருங்கள். அது விழுகிறது, தளத்தில் மோதிச் சிதைகிறது, சிதைந்து முடிந்ததும் மீண்டும் மேலே தோன்றுகிறது. தோன்றும் இடம் முன்பு விழுந்த இடத்திலிருந்து சரியாக எட்டுக் கட்டங்கள் வலப்பக்கம். வலது ஓரத்தைத் தாண்டினால் இடது ஓரத்திலிருந்து தொடர்கிறது. திரையின் அகலம் 32 கட்டங்கள் என்பதால், நான்கு முறை விழுந்தால் அது தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிடும். ஒவ்வொரு ஸ்கைலேப்புக்கும் நான்கே இடங்கள். அவற்றைக் காகிதத்தில் குறித்துக்கொண்டு ஆடிப் பாருங்கள். மழையாகத் தெரிந்தது வரிசையாகத் தெரியும்.

#12 — தேனருவி

19-ஆம் குகையான சோலார் பவர் ஜெனரேட்டரும் இப்படிப்பட்டதே. மேலிருந்து ஓர் ஒளிக்கற்றை நேராக இறங்குகிறது. நடமாடும் எதிரி ஒன்று குறுக்கே வந்தால், கண்ணாடியில் பட்டதுபோல் அங்கிருந்து செங்கோணத்தில் திரும்பிவிடுகிறது. அடுத்த எதிரியிடம் மீண்டும் திரும்புகிறது. அந்தக் கற்றை வில்லியின் மேல் விழுந்தால் அவர் சாவதில்லை. காற்றுதான் விரைந்து கரைகிறது. எதிரிகள் நகர நகர ஒளியின் பாதை முழுவதும் நொடிக்கு நொடி மாறுவதைப் பார்க்க மிக அழகாக இருக்கும். 20-ஆம் குகையைவிட இதைத்தான் நான் இந்த விளையாட்டின் சிகரமாகக் கருதுகிறேன். பி.பி.சி. மைக்ரோ கணினிக்கான பதிப்பில் இந்தக் குகை இல்லை. அதற்குப் பதிலாக விண்கற்கள் விழும் வேறொரு குகையை வைத்துவிட்டார்கள். அந்தப் பதிப்பை மட்டும் ஆடியவர்கள் இதை ஒருமுறை ஸ்பெக்ட்ரம் வடிவில் கட்டாயம் பார்க்க வேண்டும்.

#13 — நிழற்குடை

ஸ்கைலேப்பின் கணக்கை நான் அறிந்திருக்கவில்லை. நேற்றிரவு சோதித்துப் பார்த்தேன். கூட்டெண் சொன்னது சொன்னபடியே நடக்கிறது. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இந்த ஒழுங்குக்கும் ஸ்மித்துக்கும் உள்ள உறவை மிகைப்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த ஆண்டே, 1984-இல், சாஃப்ட்வேர் ப்ராஜெக்ட்ஸ் என்னும் நிறுவனத்தின் வழியாக அவர் எழுதி வந்த ஜெட் செட் வில்லியை முடிக்கவே முடியாத நிலையில் வெளியிட்டார்கள். மேல்மாடி அறைக்குள் ஒருமுறை போய்வந்தால், அங்கே பறக்கும் ஓர் அம்பு திரையின் எல்லையைத் தாண்டி நினைவகத்தின் வேறு பகுதியில் எழுதிவிடும். அதனால் வேறு சில அறைகள் கெட்டு, உள்ளே நுழைந்ததும் சாவு. வேண்டுமென்றே அப்படி அமைத்ததாக வெளியீட்டாளர்கள் முதலில் கூறினார்கள். பின்னர் பிழை என்று ஒப்புக்கொண்டு, அதைத் திருத்துவதற்கான போக் கட்டளைகளை (நினைவகத்தில் நேரடியாக எண்களை எழுதும் கட்டளைகளை) அவர்களே வெளியிட்டார்கள். உயரத்திலிருந்து விழுந்து செத்தால், விழுந்துகொண்டே அறைக்குள் நுழைந்த அதே இடத்தில் மீண்டும் பிறந்து, எல்லா உயிரும் தீரும்வரை தொடர்ந்து சாகும் கொடுமையும் அதில் உண்டு.

#14 — எட்டுபிட்

நல்ல ஒப்பீடு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் மேனிக் மைனரின் அருமை எனக்குத் தெரிகிறது. ஜெட் செட் வில்லியில் 60 அறைகள். எந்த அறைக்கும் எந்த வழியிலும் போகலாம். அந்த விடுதலையை நான் மதிக்கிறேன். ஆனால் ஓர் அறையில் செய்த பிழை இன்னோர் அறையில் வந்து கொல்கிறது. மேனிக் மைனரில் ஒவ்வொரு குகையும் தன் 1,024 பைட்டுகளுக்குள் மூடிக்கிடக்கிறது. செத்தால் அதே குகை முதல் நிலையிலிருந்து தொடங்கும்: எதிரிகள் அவரவர் இடத்தில், சாவிகள் அனைத்தும் திரும்பவும், காற்று நிறைந்து. முந்தைய தவறின் எச்சம் எதுவும் கிடையாது.

இன்னும் ஒன்று. காலடியில் உதிரும் தளத்தை உற்றுப் பாருங்கள். வில்லி அதன் மேல் நிற்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தக் கட்டத்தின் உருவம் ஒரு பிக்சல் வரிசை கீழே இறங்குகிறது. எட்டு வரிசையும் போனபின் கட்டம் வெறும் பின்னணியாகிவிடுகிறது. எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை அந்தத் தளமே காட்டிக்கொண்டிருக்கிறது. தாவலும் அப்படித்தான்: எட்டுச் சுற்று ஏற்றம், இரண்டு சுற்று சமநிலை, எட்டுச் சுற்று இறக்கம். உயரம் 20 பிக்சல். முன்னால் கடக்கும் தூரம் ஏறத்தாழ நாலரைக் கட்டம். இந்த அளவு 20 குகைகளிலும் மாறுவதில்லை.

#15 — புதுவரவு27

இந்த இழையைப் படித்துவிட்டு நேற்றுதான் முதன்முதலாக ஆடத் தொடங்கினேன். வயதில் உங்கள் அனைவருக்கும் இளையவள். இரண்டாம் குகைக்கு மேல் போக முடியவில்லை. எந்தப் பதிப்பை ஆடுவது நல்லது, முதலில் எதைப் பழகுவது என்று யாராவது சொல்ல முடியுமா? எட்டுபிட் அண்ணா சொன்னதுபோல் செடிகளிடமிருந்து ஓரடி தள்ளி எம்பியும் பார்த்துவிட்டேன்.

#16 — எட்டுபிட்

வாருங்கள் தங்கையே, மிக்க மகிழ்ச்சி. ஸ்பெக்ட்ரம் பதிப்பையே ஆடுங்கள். டிராகன் 32 கணினிக்கான பதிப்பில் 22 குகைகள் உண்டு. 2002-இல் கேம்பாய் அட்வான்ஸுக்கும் ஒரு பதிப்பு வந்தது. ஆனால் நாங்கள் இங்கே பேசிய நிறச் சட்டம் ஸ்பெக்ட்ரத்தில் பிறந்தது. அங்கே ஆடினால்தான் அது விளங்கும்.

எமுலேட்டரில் பாதியில் சேமிக்கும் வசதியைத் தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள். ஒவ்வொரு தாவலுக்கும் சேமித்துக்கொண்டே போனால் குகை முடியும். அதன் சுழற்சி மனத்தில் பதியாது. புதிய குகைக்குள் போனதும் நகராமல் நின்று, எதிரிகள் எங்கே திரும்புகின்றன என்று பாருங்கள். காற்று கொஞ்சம் குறையும். பரவாயில்லை, ஓர் உயிரை அதற்காகவே செலவிடலாம். தாவலைக் கட்டங்களாக எண்ணிப் பழகுங்கள்.

#17 — நிழற்குடை

அண்ணனிடமிருந்து சற்று மாறுபட்ட அறிவுரை ஒன்றை நான் தருகிறேன். பக்-பைட் பதிப்பில் ஆட்டத்தின் நடுவே 6031769 என்ற எண்ணைத் தட்டினால், திரையின் அடியில் ஒரு காலணி தோன்றும். அதன் பிறகு 1 முதல் 5 வரையுள்ள விசைகளில் வேண்டியவற்றை அழுத்திக்கொண்டு 6-ஐ அழுத்தினால் விரும்பிய குகைக்குப் போகலாம். அந்த ஐந்து விசைகளும் குகை எண்ணின் ஐந்து பிட்டுகள். எண்ணிக்கை சுழியத்திலிருந்து தொடங்குவதால், எதையும் சேர்க்காமல் 6-ஐ மட்டும் அழுத்தினால் முதல் குகை. சாஃப்ட்வேர் ப்ராஜெக்ட்ஸ் பதிப்பில் எண்ணுக்குப் பதிலாக டைப்ரைட்டர் என்ற சொல்லை ஆங்கில எழுத்துகளில் தட்ட வேண்டும்.

முன்னால் உள்ள குகைகளைத் திரும்பத் திரும்ப ஆடாமல், புரியாத குகையை மட்டும் பழக இந்த வழி போதும். என் முதல் குறைக்கான மருந்தை ஸ்மித்தே நிரலுக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்பதை இதை எழுதும்போதுதான் உணர்கிறேன். தண்டிப்பதற்காகவே எழுதப்பட்டது என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். செடிகள் பற்றிய என் வழக்கு மட்டும் அப்படியே நிற்கிறது.

#18 — புதுவரவு27

இருவருக்கும் நன்றி. நகராமல் நின்று பார்க்கும் முறையில் இரண்டாம் குகையை முடித்துவிட்டேன். அங்கே பெங்குவின்கள் திரும்பும் இடங்களைத் தாளில் குறித்துக்கொண்டேன். ஒரு பெங்குவினைத் தாண்டும்போது வில்லியின் கால் அதன் தலைக்கு மேல் ஒரு பிக்சல் இடைவெளியில் போனது. கூட்டெண் ஐயா சொன்னபடியே சாகவில்லை.

இப்போது நான்காம் குகையில் நிற்கிறேன். ஓர் உயிரைப் பார்ப்பதற்காகவே செலவிட்டுவிட்டேன்; இன்னும் இரண்டு இருக்கின்றன.